நீலப்பிரதிப் பிரிவின் டீக் கணக்கு

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு. அதற்கு உத்தரவாதம் தரலாம். ஆனால் இது ஓர் அலுவலகத்தின் கதை என்பதால் சிரிப்பும் உரிய வழியாகத்தான் வந்து சேரும். நடுவில் ஏதாவது ஒரு மேசையில் கையெழுத்துக்காக நிற்கும். இன்னொரு மேசையில் 'ஐயா வெளியே போயிருக்கிறார்' என்று தங்கிவிடும். அதுவரை வாசகர்கள் இருக்கையில் அமைதியாக அமர்ந்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

கதாநாயகர் ஒரு வரைபட அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளர். மனை வாங்குகிறவர்கள், வீடு கட்டுகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரனோடு வேலிச் சண்டை போடுகிறவர்கள் எல்லாரும் தங்கள் நிலத்தின் வரைபடத்துக்கு முத்திரை வைத்த நகல் கேட்டு வருகிற இடம் அது. அங்கே எதை எதோடு ஒருங்கிணைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் வேலை கொடுத்துவிடுவார்கள்.

மாற்றலாகி வந்த அன்று அவருக்கு ஒரு மேசை கொடுத்தார்கள். அறை கொடுக்கவில்லை. லிஃப்டுக்கும் குடிதண்ணீர் மெஷினுக்கும் நடுவே, நடைவழியில் மேசையைப் போட்டுவிட்டு, "தற்காலிகமா சார்" என்றார்கள். அலுவலக அகராதியில் தற்காலிகம் என்றால் ஓய்வு பெறும்வரை என்று பொருள். லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் அவர் மேசை ஓரத்தில் பாதி உட்கார்ந்தார்கள். பாட்டில் நிரப்புகிறவர்கள் மூடியைக் கழற்றி அவர் கோப்பின் மேல் வைத்தார்கள். வெளியாட்கள் வந்து, "ஏங்க, தண்ணி சில்லுன்னு வருமா?" என்று அவரைக் கேட்டார்கள். அவர் எழுந்து, அமுக்கிப் பார்த்து, "வருது" என்பார். வேறு யார் சொல்வது?

மத்தியானம் மனைவி போன் செய்வாள்.

"என் தம்பியைப் பாருங்க. உங்களைவிட எவ்வளவு சின்னவன்! தனி ரூம் குடுத்திருக்காங்க. கதவைச் சாத்திட்டுப் பேசுறான். அவன் குரல் மட்டும்தான் கேக்குது. உங்ககிட்ட பேசினா கொடகொடன்னு தண்ணி சத்தம், நடுவுல 'கதவு திறக்கிறது'ன்னு ஒரு பொம்பளை குரல். யாருங்க அது?"

"லிஃப்ட்."

"லிஃப்டுக்கு இருக்கிற கதவுகூட உங்களுக்கு இல்லையே!"

இதுதான் அவர் நெஞ்சில் தைத்த முள். சம்பளம் ஏறாவிட்டால் போகிறது. காரும் வேண்டாம். ஒரு கதவு வேண்டும். உள்ளே இருந்து சாத்தக்கூடிய கதவு. அதற்கு ஒரே வழி பதவி உயர்வு. பதவி உயர்வுக்கு ஒரே வழி தலைமையகத்தின் கண்ணில் படுவது. கண்ணில் படுவதற்கு அந்த வருடம் ஒரே வழி, எதையாவது பணமில்லாமல் செய்வது.

தலைமையகத்துக்கு வருடத்துக்கு ஒரு காய்ச்சல் வரும். ஒரு வருடம் காகிதமில்லா அலுவலகம் என்று வந்தது. அதை விளக்க வண்டி வண்டியாகக் காகிதம் இறங்கியது. அடுத்த வருடம் சுவரில்லா அலுவலகம். இடிக்க ஆள் வந்தார்கள், இடிபாட்டை அள்ள ஆள் வரவில்லை. இந்த வருடம் பணமில்லா அலுவலகம்.

ஒருங்கிணைப்பாளர் மூன்று வாரம் லிஃப்ட் சத்தத்தின் நடுவே யோசித்து ஒரு திட்டம் தீட்டினார். அதன் பெயர், 'உள்ளகப் பொதுச் சேவைகளுக்கான ஒருங்கிணைந்த பணமில்லாக் கணக்குவழிப் பரிமாற்றப் பெருந்திட்டம்.' அதைப் படித்து முடிப்பதற்குள் லிஃப்ட் இரண்டு முறை ஏறி இறங்கிவிடும். ஆகவே ஜனங்கள் சுருக்கமாக 'கார்டு' என்றார்கள்.

அதற்கு முன்பு அந்த அலுவலகம் மிகவும் பின்தங்கிய நிலையில் இருந்தது. வரைவுப் பிரிவில் ஒருவருக்கு நகல் வேண்டும் என்றால், "அக்கா, ரெண்டு காப்பி" என்பார். நகல் மெஷின் அக்கா எடுத்துக் கொடுப்பாள். பழைய வரைபடம் வேண்டும் என்றால் ஆவணப் பிரிவில், "அண்ணே, கொஞ்சம் தேடிப் பாருங்க" என்பார்கள். அண்ணன் தேடுவார். வண்டி வேண்டும் என்றால் ஓட்டுநரின் தோளில் தட்டினால் போதும். இப்படி எந்தவிதக் கட்டுப்பாடும் இல்லாமல் வேலை நடந்துகொண்டிருந்தது.

இனி அப்படி இல்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கணக்கு, அதில் கொஞ்சம் புள்ளி, ஒரு கார்டு. நகல், வண்டி, கூட்ட அறை, பழைய வரைபடம், கேன்டீன் டீ, எதற்கும் கார்டைக் கருவியில் தட்ட வேண்டும். தட்டினால் கருவி 'நன்றி' என்று சொல்லும். முன்பு மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது மெஷின் சொல்வதால் அந்தச் சிரமமும் மிச்சம்.

கணக்கு திறக்கப் பிரிவுகளின் பெயர் வேண்டுமே! நிர்வாகப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். ஆனால் பதில் வருவதற்குள் தலைமையகத்துக்கு வேறு காய்ச்சல் வந்துவிடும். ஒருங்கிணைப்பாளர் வாசலுக்குப் போனார். அங்கே சுவரில் ஒரு பெரிய பலகை, பிரிவுகளின் பெயரும் அறை எண்ணும் பித்தளை எழுத்தில். பித்தளையில் பொய் எழுதுவார்களா? அப்படியே வரி விடாமல் எழுதிக்கொண்டு வந்து கணினியில் ஏற்றினார். பலகையில் கடைசி வரி, நீலப்பிரதிப் பிரிவு. அதற்கும் ஒரு கணக்கு திறந்தார், புள்ளி போட்டார், கார்டு அடித்தார்.

நீலப்பிரதிப் பிரிவைப் பற்றி வாசகர்களுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் வரைபடத்தை ஒரு பெரிய மெஷினில் விட்டு, மூக்கைத் துளைக்கும் மருந்துப் புகை காட்டி, நீல நிறத்தில் நகல் எடுப்பார்கள். புது மெஷின்கள் வந்ததும் அந்தப் பிரிவை இழுத்து மூடினார்கள். கடைசி ஆள் ஓய்வு பெற்று, மாலை வாங்கிக்கொண்டு, தும்மிக்கொண்டே வீட்டுக்குப் போனார். அறை பூட்டிக் கிடந்தது. பலகையை மட்டும் மாற்றவில்லை. பித்தளை எழுத்தைப் பிடுங்க ஆணை வேண்டும், ஆணைக்குக் கோப்பு வேண்டும், அந்தக் கோப்பு இன்னும் பிறக்கவில்லை. மாற்றலாகி வந்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

சிரிப்பு எங்கே என்று கேட்கிறீர்களா? புறப்பட்டுவிட்டது. இப்போது தபால் பிரிவில் இருக்கிறது.

திட்டம் தொடங்கிய மறுநாளே எல்லாப் பிரிவுத் தலைவர்களும் கார்டை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். புள்ளி தீர்ந்துவிட்டால்? நகல் மெஷின் அக்காவிடம் வரைவுப் பிரிவுக்காரர் ஓடி வந்தார்.

"அக்கா, அவசரம். ஒரே ஒரு காப்பி."

"கார்டு?"

"தலைவர் உள்ள வச்சுப் பூட்டிட்டார்."

"அப்ப காப்பியும் உள்ளதான் இருக்கு."

"நான் உங்க வீட்டு மாடிக்கு பிளான் போட்டுக் குடுத்தவன்க்கா!"

"அது சரி. அதை எந்தக் கணக்குல எழுதினீங்க?"

கொஞ்ச நாளில் எல்லாருக்கும் தெளிவு பிறந்தது. செலவுக்குக் கணக்கு இருந்தால் வரவுக்கும் இருக்க வேண்டுமே! ஆவணப் பிரிவு, வரைபடம் தேடுவதற்கு ஒரு தட்டு என்றது. இல்லை என்று சொல்வதற்கு இரண்டு தட்டு. ஏனென்றால் எல்லா இடத்திலும் தேடினால்தான் இல்லை என்று சொல்ல முடியும். வரைவுப் பிரிவு, அளவுகோல் இரவல் தர ஒரு தட்டு என்றது. ஓட்டுநர் வண்டியைப் பின்பக்கமாக எடுக்கத் தனித் தட்டு கேட்டார். "கழுத்தைத் திருப்பணும்ல?" என்றார். கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று கேட்கப் போனவர்களிடம், "கேட்டதுக்கு ஒண்ணு தட்டுங்க" என்றது கணக்குப் பிரிவு.

இந்தக் களேபரத்தில் ஓர் அம்மா மாட்டிக்கொண்டாள். அவளை எல்லாரும் வேலிக்காரம்மா என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டு அவள் மனையில் கட்டிக்கொண்டிருக்கிறான். முத்திரை வைத்த வரைபடம் கிடைத்தால்தான் அவனைத் தடுக்க முடியும். வாரா வாரம் வந்து, நடைவழியில் ஒருங்கிணைப்பாளர் மேசை ஓரமாக நிற்பாள்.

"என்னம்மா, கிடைச்சுதா?"

"எங்க சார்! போன வாரம் அஸ்திவாரம் போட்டான். இந்த வாரம் ஜன்னல் வச்சுட்டான். நீங்க இன்னும் தட்டிக்கிட்டே இருக்கீங்க."

"அமைப்பு நிலைபெறக் கொஞ்சம் காலம் ஆகும்மா."

"அவன் வீடு நிலைபெற்றிரும் சார், அதுக்குள்ள."

நீலப்பிரதிப் பிரிவின் கார்டு இந்தச் சமயத்தில்தான் நடமாடத் தொடங்கியது. தபால்காரர் அதை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனார். பூட்டு தொங்கியது. திருப்பி அனுப்பலாம் என்றால் திருப்பி அனுப்பும் சேவைக்கு ஒரு தட்டு. அவர் பிரிவின் கார்டோ அலமாரியில். ஆகவே, மறந்துபோன குடைகளும் ஒற்றைச் செருப்பும் கிடக்கும் கேன்டீன் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார். கேன்டீன் மாஸ்டர் அதில் ஒரு நூலைக் கோத்து ஆணியில் மாட்டினார். யாராவது தேடி வருவார்கள் என்று நல்ல எண்ணம்தான்.

யாரும் தேடி வரவில்லை. ஆனால் ஒருநாள் வரைவுப் பிரிவுக்காரருக்குத் தலைவலி. டீக்குக் கார்டு இல்லை. கண் ஆணிக்குப் போயிற்று. கை நூலுக்குப் போயிற்று. தட்டினார். கருவி, 'நன்றி' என்றது. அவர் வானத்தைப் பார்த்தார். இடி விழவில்லை. "மாஸ்டர், இன்னொரு டீ" என்றார்.

அடுத்த வாரமே அந்தக் கார்டு ஊர்ப் பொதுக்குழாய் மாதிரி ஆகிவிட்டது. காலையில் நகல் அறைக்குப் போகும், அங்கிருந்து ஆவணப் பிரிவுக்கு, பிறகு வண்டியில் ஏறிச் சைட்டுக்கு, டீ நேரத்தில் மறுபடி ஆணிக்கு. எல்லாப் பிரிவும் எல்லாவற்றுக்கும் அதையே தட்டின. ஆச்சரியம் என்னவென்றால் அலுவலகம் திரும்பவும் ஓட ஆரம்பித்தது. "அக்கா, ரெண்டு காப்பி" என்றால் அக்கா எடுத்துக் கொடுத்தாள். வேலிக்காரம்மாவுக்கு ஒரே மத்தியானத்தில் வரைபடம் கிடைத்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரன் திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தானாம்.

கேன்டீன் மாஸ்டருக்கு மட்டும் உறுத்தியது. டீ கொண்டு வந்து வைக்கும்போது ஒருங்கிணைப்பாளரிடம் மெல்ல ஆரம்பித்தார்.

"சார், அந்த நீலப்பிரதி கார்டு விஷயமா ஒரு தகவல்..."

"தகவலா?" ஒருங்கிணைப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். "தகவல் இப்ப பொதுச் சேவைப் பட்டியல்ல சேர்ந்தாச்சு. எந்தக் கணக்குல சொல்றீங்க?"

"கணக்கு எதுக்கு சார்? சும்மாதான் சொல்றேன்."

"சும்மா சொல்றதை நான் சும்மா கேட்டா அது விதிமீறல். தணிக்கையில என்னைக் கேப்பாங்க, யார் செலவுல கேட்டேன்னு."

மாஸ்டர் யோசித்தார். "சரி சார், டீ ஆறிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அந்த டீக்கும் ஆணியில் தொங்கியதைத்தான் தட்டினார்.

புள்ளி தீராதா என்று நீங்கள் கேட்பது நியாயம். தீர்ந்தது. ஆனால் திட்டத்தில் ஒரு விதி இருந்தது: புள்ளியைச் செலவழிக்காத பிரிவில் வேலை நடக்கவில்லை என்று பொருள், அதன் புள்ளி குறைக்கப்படும், முழுக்கச் செலவழித்த பிரிவு மும்முரமாக உழைக்கிறது என்று பொருள், அதற்கு இரட்டிப்பு. ஆகவே நீலப்பிரதிப் பிரிவுக்கு இரட்டித்தது. அதுவும் தீர்ந்தது. மறுபடி இரட்டித்தது. ஒருங்கிணைப்பாளர் திரையைப் பார்த்துக் கண் கலங்கினார். லிஃப்ட் அவரைக் கடந்து ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. அந்தக் கட்டடத்திலேயே ஒரே ஒரு பிரிவுதான் அவர் கனவைப் புரிந்துகொண்டிருக்கிறது!

பாராட்டலாம் என்று உள் தொலைபேசியில் அந்தப் பிரிவின் எண்ணைச் சுழற்றினார். பிரிவை மூடியபோது அந்த இணைப்பைக் கேன்டீனுக்கு மாற்றிவிட்டார்கள். மாஸ்டர் எடுத்தார்.

"ஹலோ, நீலப்பிரதிப் பிரிவுங்களா?"

மாஸ்டர் ஆணியைப் பார்த்தார். கார்டு ஆடிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "இங்கதான் சார் இருக்கு."

"ரொம்ப சந்தோஷம்! அங்க வேலையெல்லாம் எப்படி?"

"கொதிச்சுக்கிட்டு இருக்கு சார்."

"அடடா! எத்தனை பேர் இருக்கீங்க?"

மாஸ்டர் கேன்டீனைச் சுற்றிப் பார்த்தார். "உக்கார இடமில்லை சார்."

ஒருங்கிணைப்பாளர் நேரிலேயே போய்விட்டார். அறை பூட்டியிருந்தது. அப்போது அந்த வழியாக வந்த நகல் மெஷின் அக்கா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "இப்பதான் சார் டீ குடிக்கப் போனாங்க" என்றாள். அவர் மேசைக்குத் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். நீலப்பிரதிப் பிரிவு, டீ, இந்த நிமிடம். அக்கா சொன்னது சரி! மறுநாள் போனார். பூட்டு. "சைட்டுக்குப் போயிருக்காங்க சார்" என்றார் ஓட்டுநர். திரை சொன்னது: நீலப்பிரதிப் பிரிவு, வண்டி. அதற்கடுத்த நாளும் பூட்டு. கூட்ட அறை பதிவாகியிருந்தது. மனிதர்கள் பொய் சொல்லலாம், கணக்கு சொல்லுமா? பூட்டிய கதவின் முன் நின்று அவர் ஒரு வினாடி ஏக்கத்தோடு அதைத் தடவிப் பார்த்தார். நல்ல கனமான மரக் கதவு. இவ்வளவு நல்ல கதவை வைத்துக்கொண்டு உள்ளே உட்காராமல் ஓடி ஓடி உழைக்கிறார்களே!

தலைமையகத்திலிருந்து ஆய்வுக் குழு வந்தது. ஓர் அம்மையார், அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர். அவர்கள் 'ஆமாம்' தவிர வேறு வார்த்தை சொல்லாததால் பெரிய ஆமாம், சின்ன ஆமாம் என்று மதியத்துக்குள் பெயர் வந்துவிட்டது. கூட்ட அறையில் திரையைப் போட்டு ஒருங்கிணைப்பாளர் விளக்கினார். இன்று விட்டால் இனி லிஃப்ட் பக்கத்திலேயேதான்.

"இந்த நீலப்பிரதிப் பிரிவு பிரமாதமா இருக்கே!" என்றார் அம்மையார். "பணமே தொடலையா?"

"ஒரு காசுகூட தொடலை மேடம்."

"ஊழியர்கள் லீவு?"

"ஒருத்தரும் போட்டதில்லை மேடம்."

"மேல புகார் ஏதாவது?"

"கிடையாது."

"சம்பளத்தைக் கூட்டிக் கேட்டு மனு?"

"இதுவரை இல்லை மேடம்."

அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை அலுவலகம் பார்த்திருக்கேன்! இப்படி ஒரு பிரிவு..."

"ஆமாம்" என்றார் பெரிய ஆமாம்.

"சரி, மத்த பிரிவெல்லாம் என்ன? இங்க பாருங்க, எல்லாம் சுழியமா இருக்கு. நகல் இல்லை, வண்டி இல்லை, டீகூட இல்லை?"

"சிக்கனமா இருக்காங்க மேடம்."

"டீகூடக் குடிக்காம என்ன சிக்கனம்? ஆள் இருந்தா டீ குடிக்கணுமே!"

"ஆமாம்" என்றார் சின்ன ஆமாம், கொஞ்சம் தாகத்தோடு.

"நான் அந்த நீலப்பிரதிக்காரங்களை இப்பவே பாக்கணும்."

ஒருங்கிணைப்பாளர் திரையைப் புதுப்பித்தார். அதே நொடியில் வரிகள் விழுந்தன: நீலப்பிரதிப் பிரிவு, டீ. நீலப்பிரதிப் பிரிவு, டீ. நீலப்பிரதிப் பிரிவு, டீ, பிஸ்கட் ஒரு தட்டு. "டீ குடிச்சுக்கிட்டு இருக்காங்க மேடம்" என்றார். கதவு திறந்தது. கேன்டீன் மாஸ்டர் மூன்று டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து குழுவின் முன் வைத்தார்.

"கூப்பிட வேணாம், விடுங்க" என்று கோப்பையை எடுத்தார் அம்மையார். "உழைக்கிறவங்க நிம்மதியா ஒரு டீ குடிக்கட்டும்."

ஆணை வந்த அன்று எல்லாரையும் கூட்ட அறைக்கு அழைத்தார்கள். ஒருங்கிணைப்பாளரே உறையைப் பிரித்துப் படித்தார். 'பணமில்லாப் பயன்பாட்டில் ஈடு இணையற்று விளங்கும் நீலப்பிரதிப் பிரிவின் தலைவராக, மேற்படி ஒருங்கிணைப்பாளர் பதவி உயர்வுடன் நியமிக்கப்படுகிறார். அப்பிரிவின் தனி அறை அவருக்கு ஒதுக்கப்படுகிறது.' அவர் குரல் உடைந்துவிட்டது. கூட்டத்தில் பலர் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார்கள். நகல் மெஷின் அக்கா மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

அவர் அங்கேயே மனைவிக்குப் போன் செய்தார். "கிடைச்சிருச்சு! ரூம்!"

"கதவு?"

"மரக்கதவு! நீ உன் தம்பிக்குச் சொல்லு."

காவலாளி சாவியைத் தேடி எடுத்தார். துரு பிடித்திருந்தது. "ரொம்ப நாளா திறக்கலை போல" என்று யாரோ சொன்னார்கள். "எப்படித் திறப்பாங்க? உக்காந்திருந்தாத்தானே!" என்றார் அவர் பெருமையாக. மொத்த அலுவலகமும் பின்னாலேயே வந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாவி கிரீச்சிட்டது. கதவு திறந்தது.

மருந்து நெடி மூக்கில் ஏறியது. தார்ப்பாய் போர்த்திய ஒரு பூத மெஷின். கால் உடைந்த நாற்காலிகள். தரையில் செருப்புத் தடமே இல்லாத தூசி. ஒருங்கிணைப்பாளர் உள்ளே எட்டிப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பின்னால் திரும்பி, நிதானமாகச் சொன்னார்:

"டீ குடிக்கப் போயிருக்காங்க."

முதலிலேயே உத்தரவாதம் கொடுத்த அந்தச் சிரிப்பு, உரிய வழியாக, எல்லா மேசைகளையும் தாண்டி, இங்கேதான் வந்து சேர்ந்தது. நடைவழி முழுக்க வெடித்தது. ஓட்டுநர் சுவரைப் பிடித்துக்கொண்டார். வரைவுப் பிரிவுக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நகல் மெஷின் அக்காவுக்கு விக்கல் வந்துவிட்டது. தன் பதவி உயர்வில் சகாக்களுக்கு இவ்வளவு மகிழ்ச்சியா என்று ஒருங்கிணைப்பாளர் நெகிழ்ந்துபோனார்.

"ரொம்ப நன்றி, ரொம்ப நன்றி" என்றார். "இருங்க, இதுல ரெண்டாவது பக்கம் ஒண்ணு இருக்கு. உங்களைப் பத்தித்தான்."

"படிங்க சார், படிங்க!" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

அவர் தொண்டையைக் கனைத்தார். "'மற்றப் பிரிவுகள் யாவும் நகலோ, வண்டியோ, கூட்ட அறையோ, டீயோ பயன்படுத்தியதற்கான சான்று ஏதும் கணக்கில் இல்லை. எனவே அப்பிரிவுகளில் பணியும் பணியாளர்களும் இல்லை எனக் கொள்ளப்பட்டு, அவை இன்று முதல் கலைக்கப்படுகின்றன.'"

விக்கல் நின்றது.

"'அப்படி எவரேனும் இருப்பின், இன்று மாலைக்குள் நீலப்பிரதிப் பிரிவின் அறையில் தமக்கென ஓர் இருக்கையில் அமர்ந்து தம் இருப்பை மெய்ப்பிக்க வேண்டும். தவறுவோர் உபரிப் பணியாளர்களாகக் கருதப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்படுவர்.'"

தூரத்தில் லிஃப்ட், 'கதவு திறக்கிறது' என்றது. அவ்வளவுதான். வரைவுப் பிரிவுக்காரர் தரையிலிருந்து எழுந்த வேகத்தில் ஓடினார். திரும்பி வரும்போது தலையில் ஒரு நாற்காலி. அவர் பின்னால் கணக்குப் பிரிவு, இரண்டு பேருக்கு ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு. தபால்காரர் தபால் மூட்டையையே போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். நகல் மெஷின் அக்கா பூத மெஷினின் தார்ப்பாயை உதறிவிட்டு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். எல்லாரும் தும்மினார்கள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க!"

"எங்க தள்றது? இதுக்கு மேல ஜன்னல்தான் இருக்கு."

"யோவ், உன் நாற்காலி கால் என் கால் மேல இருக்கு!"

"அது நாற்காலி கால் இல்லை. என் கால்."

ஒருங்கிணைப்பாளர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். "இருங்க, இருங்க! இப்படி எல்லாரும் நெருக்கி உக்காந்தா எப்படி? இந்தப் பிரிவோட ஆளுங்க டீ குடிச்சுட்டு வந்தா அவங்க எங்க உக்காருவாங்க?"

யார் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கேன்டீன் மாஸ்டர்தான், ஒரு கையில் ஸ்டூலும் ஒரு கையில் நூல் கோத்த கார்டுமாக உள்ளே நுழைந்தார். போகிற வழியில் கார்டை ஒருங்கிணைப்பாளரின் உள்ளங்கையில் வைத்தார். ஓரமெல்லாம் தேய்ந்து, டீக்கறை படிந்து, பெயர்கூடப் பாதி அழிந்திருந்தது.

"வந்துட்டாங்க சார்" என்றார். "எல்லாரும் வந்துட்டாங்க."

ஒருங்கிணைப்பாளர் கார்டைப் பார்த்தார். வரைவுப் பிரிவுக்காரரைப் பார்த்தார். அந்த ஆள் தன் செருப்பைப் பார்த்தார். ஓட்டுநரைத் தேடினார், அறைக்குள் காணவில்லை. மெஷின் மேல் இருந்த அக்காவைப் பார்த்தார். அவள் மட்டும் தலையை லேசாக ஆட்டினாள். அவர் உதடுகள் எதையோ கூட்டிக் கழித்தன.

"அப்ப... சைட்டுக்குப் போனது?"

"நாங்கதான் சார்."

"குழுவுக்கு வந்த டீ?"

"அதுவும் இதுலதான்."

அவர் வெகு மெதுவாகக் கேட்டார். "நான் தினம் குடிக்கிற டீ?"

"சர்க்கரை கம்மியா, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு" என்றார் மாஸ்டர். "இந்தப் பிரிவுல உங்களுக்குத்தான் சார் சர்வீஸ் ஜாஸ்தி."

அவர் கார்டைச் சட்டைப் பைக்குள் போட்டார். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தணிந்த குரலில், ஒரு பிரிவுத் தலைவருக்கு உரிய கண்டிப்போடு சொன்னார்:

"வெளிய யாருக்கும் மூச்சு விடக்கூடாது. முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க."

"சாத்த முடியாது சார்" என்றது ஓட்டுநரின் குரல் வாசலிலிருந்து. "வாகனப் பிரிவு இன்னும் வெளியதான் நிக்குது."